இளவேனிலில் ஆர்க்கிட் பேணல்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில் செடி வளர்ப்பைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்துள்ளனர். நான் தாவர நூலில் பட்டம் பெற்றவன் அல்லன். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவன். எனினும் மாதுங்காவில் எங்கள் குடியிருப்பின் நாலடி அகலப் பால்கனியில் பதினைந்து ஆண்டுகளாக ஆர்க்கிட் செடிகளை வளர்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் கண்டவற்றையும், நூல்களில் கற்றவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

இப்பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. திருமணநாளுக்கோ பொங்கலுக்கோ பூத்த செடியாக வாங்கிய ஆர்க்கிட் தொட்டி, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் காலனியின் குப்பைக் கூடையருகே கிடப்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். "இந்தச் செடிக்கு நம் வீடு ராசியில்லை" என்று தாய்மார்கள் வருந்துகின்றனர். குறை ராசியில் இல்லை. சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களில் அச்செடியை எவ்வாறு பேணவேண்டும் என்பதை எவரும் எடுத்துச் சொல்லாததே குறை. சித்திரை பிறந்துவிட்டது; எனவே இப்பேச்சுக்கு இதுவே தக்க வேளை.

ஆர்க்கிட் என்பது யாது?

உலகில் 25,000க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெருங்குடும்பம் ஆர்க்கிட். நம் இந்தியாவில் மட்டும் 1,200 இனங்களுக்கு மேல் உண்டு. குழந்தைகள் விரும்பும் ஐஸ்கிரீமில் மணக்கும் வெனிலாவும் ஓர் ஆர்க்கிட் கொடியின் காயே. அஸ்ஸாமில் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் பிஹுத் திருநாளில் பெண்கள் கொண்டையில் சூடும் நரிவால் ஆர்க்கிட், நம் சஹ்யாத்திரி மலைக் காடுகளிலும் பூக்கின்றது. மராட்டிய மக்கள் அதனைச் 'சீதேச்சி வேணி' என்பர்; சீதையின் கூந்தற்பூ என்பது பொருள். பெயர் சூட்டியவர் நல்ல கவிஞராகத்தான் இருந்திருப்பார்.

சந்தையில் நாம் வாங்கும் ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை மண்ணில் வேரூன்றுபவை அல்ல. மரக்கிளைகளில் தொற்றி வளரும் இனத்தைச் சார்ந்தவை. இதனால் அவற்றைப் புல்லுருவி என்று நினைப்பவர் பலர். அது தவறு. புல்லுருவி, தான் ஏறிய மரத்தின் உள்ளே வேரைச் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட்டோ மரத்தின் பட்டையைப் பற்றிக்கொண்டு நிற்குமேயன்றி, அதன் சாற்றில் ஒரு துளியும் கொள்ளாது. மழைநீரும், காற்றின் ஈரமும், பட்டையின் வெடிப்பில் சேரும் இலைமக்குமே அதற்கு உணவு. நூலோர் இதனைத் 'தொற்றுத்தாவரம்' என்பர். இவ்வேறுபாட்டை நெஞ்சில் பதித்துக்கொண்டால் ஆர்க்கிட் வளர்ப்பில் பாதி கற்றாயிற்று.

அதன் வேரைப் பாருங்கள். வெண்மையான பஞ்சுறை ஒன்று அதனைப் போர்த்தியிருக்கும். 'வெலாமன்' எனப்படும் அவ்வுறை, நீர் பட்டதும் உறிஞ்சித் தேக்கிக்கொள்ளும்; அப்போது உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். காய்ந்தால் மீண்டும் வெள்ளி நிறமாகும். வேர் பச்சையாயிருந்தால் தாகமில்லை, வெளுத்திருந்தால் தாகம். இதைவிடத் தெளிவாக ஒரு செடி தன் தேவையைச் சொல்ல இயலுமா? அத்தகைய வேரைத் தோட்டமண்ணில் புதைத்தால் காற்றின்றி அழுகிவிடும். மல்லிகைக்கும் துளசிக்கும் பொருந்துவது இதற்குப் பொருந்தாது.

முன்னாளில் இது செல்வர் வீட்டுப் பூவாக இருந்தது. ஆர்க்கிட்டின் ஒரு காயில் இலட்சக்கணக்கான விதைகள் தூசிபோல் நிறைந்திருக்கும். அவற்றுள் சேமித்த உணவு இன்மையால், தக்க பூஞ்சையின் துணை கிடைத்தாலன்றி முளைக்கமாட்டா. 1922ஆம் ஆண்டில் நட்சன் என்னும் அமெரிக்க அறிஞர், சர்க்கரை கலந்த கூழில் அவ்விதைகளைப் பூஞ்சையின்றியே முளைக்கச் செய்தார். 1960இல் மொரேல் என்னும் பிரெஞ்சு அறிஞர், குருத்தின் சிறு துணுக்கிலிருந்து பல செடிகளைப் பெருக்கும் முறையை வெளியிட்டார். அவ்வறிஞர்களின் உழைப்பினால்தான் என்போன்ற எழுத்தர் வீட்டிலும் ஆர்க்கிட் பூக்கின்றது.

நம் இளவேனிலும் மும்பையின் இளவேனிலும்

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆவணியும் புரட்டாசியும் கார். ஆனால் மும்பையில் முதுவேனில் என்று ஒன்று இல்லை. வானிலைத் துறையார் கணக்கின்படி இந்நகரில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 11. அதாவது வைகாசி முடியுமுன்னரே கார் வந்துவிடுகிறது. செப்டம்பர் முடிவதற்குள் 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. ஆகவே இளவேனிலின் கடைப்பகுதியில் நமக்கு இருவகைக் கடமை உண்டு. ஒன்று, வெயிலிலிருந்து செடியைக் காத்தல். மற்றொன்று, அடுத்து வரும் பெருமழைக்கு அதனை ஆயத்தம் செய்தல். முதற்கடமையை மட்டும் செய்து இரண்டாவதை மறந்தவர், மே மாதத்தில் காத்த செடியை ஜூலையில் இழப்பர்.

வெளிச்சம்

மும்பையில் மே மாதம் 15, 16 நாட்களை ஒட்டி நண்பகற் கதிரவன் நேர் உச்சியில் நிற்கிறான். அதன்பின் ஜூலை இறுதிவரை உச்சிக்குச் சற்று வடக்கே செல்கிறான். இதன் பயன் என்ன? மார்கழியில் சாய்ந்த வெயில் பெற்ற தெற்குப் பால்கனிக்கு இப்போது மேல்மாடித் தளமே நிழல் தருகிறது. ஆண்டு முழுதும் வெயில் காணாத வடக்குப் பால்கனியிலோ வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்குகிறது. "வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறோம், ஏன் இலை கருகிற்று?" என்று கேட்பவர்க்கு இதுவே விடை. செடி இடம் பெயரவில்லை; கதிரவன் இடம் பெயர்ந்தான்.

எனவே சித்திரையில் ஒருநாள் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் பால்கனியை நோக்கி வெயில் படும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிவரை படும் இளவெயில் நன்மை தரும். பின்னர் டெண்ட்ரோபியம், வாண்டா ஆகியவற்றுக்குப் பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலை வேண்டும். அகன்ற இலையுடைய ஃபெலனாப்சிஸுக்கு நேர்வெயில் அறவே ஆகாது. வெளிச்சமுள்ள அறையின் உட்புறமே அதற்கு ஏற்றது. மேற்குப் பால்கனி வைத்திருப்போர் மாலை வெயிலுக்கு ஒரு மூங்கில் தட்டியேனும் தொங்கவிட வேண்டும்.

இலையின் நிறமே அளவுகோல். கரும்பச்சையாயின் வெளிச்சம் போதாது, பூ வராது. இளம்பச்சையாயின் சரி. செம்மை படர்ந்தால் எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள். வெளுத்த திட்டு விழுந்துவிட்டால் அது வெந்த புண், மீண்டும் பச்சையாகாது. புறங்கையை இலைமேல் வைத்துப் பாருங்கள். சூடாக உணர்ந்தால் அக்கணமே இடம் மாற்றுங்கள்.

நீரும் காற்றும்

ஏரிகளின் நீர்மட்டம் தாழும் வேனிலில் இந்நகரில் தண்ணீரின் அருமையை நாம் அறிவோம். குழாயில் குறித்த நேரத்தில் வரும் நீரைக் குடத்தில் பிடித்து வைத்துக் குடும்பம் நடத்தும் நம் தாய்மார்களிடம், செடிக்கு ஒரு குடம் ஊற்றுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆர்க்கிட்டுக்கு வேண்டுவது நிறைய நீர் அன்று. நேரமறிந்து வார்க்கும் நீர்.

காலை எட்டு மணிக்குள் வேர்கள் பச்சையாகும்வரை நனைத்து, மிகுநீர் முழுதும் வடியவிட வேண்டும். வடிந்த நீரைத் துளசிக்கு ஊற்றலாம், வீணாகாது. டெண்ட்ரோபியத்துக்கு இக்காலத்தில் நாள்தோறும் ஒருமுறை போதும். வேர் வெளியே தொங்கும் வாண்டாவுக்குக் காலையும் பிற்பகலும் நீர் வேண்டும். ஃபெலனாப்சிஸுக்கு மூன்று நாட்களுக்கு ஒருமுறை வேரைப் பார்த்து வார்த்தால் போதும். அதன் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுக. தேங்கிய நீரே அக்குருத்தை அழுகச் செய்யும்.

மாலையில் இலைமேல் தெளிக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மும்பையில் மே மாத இரவு குளிர்வதில்லை. காற்றில் ஈரமும் மிகுதி. அந்நிலையில் நனைந்த இலை விடியும்வரை உலராது, நோய் பற்றும். தடித்த இலையுடைய ஆர்க்கிட்களில் பல, பகலில் இலைத்துளைகளை மூடி இரவில் திறந்து காற்றை ஏற்கும் இயல்பின. ஆதலின் இரவில் அவற்றுக்கு நீரைவிடக் காற்றோட்டமே தேவை. மாலையில் தரையில் மட்டும் நீர் தெளியுங்கள். தொட்டிகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று உப்புநீரும், வீட்டு நீர் வடிகட்டும் இயந்திரம் கழித்துவிடும் நீரும் கூடா. இரண்டிலும் உப்பு மிகுதி. அரிசி கழுவிய நீர் ரோஜாவுக்கு நன்று. தேங்காய் மட்டையில் ஊற்றினாலோ புளித்து, பூஞ்சையையும் எறும்பையும் அழைத்துவரும்.

தொட்டி மாற்றம்

டெண்ட்ரோபியத்தின் அடியில் புதுக்குருத்து கிளம்பி, அதில் பச்சை வேர்நுனி அரை அங்குலம் தலைகாட்டும் காலம் பெரும்பாலும் இவ்விளவேனிலே. பழைய மட்டை மக்கிக் கூழாயிருந்தால் அப்போதே மாற்றிவிட வேண்டும். மக்கிய மட்டையோடு மழைக்காலத்தில் புகும் செடி பிழைப்பது அரிது.

இதற்கு வேண்டியவை யாவும் நம்மைச் சுற்றியே உள்ளன. தாராவியின் கும்பார்வாடாவில், சௌராட்டிர நாட்டிலிருந்து வந்து குடியேறிய குயவர் பெருமக்கள் தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் சுழற்றி வருகின்றனர். பக்கங்களிலும் துளையிட்ட மண்தொட்டி வேண்டுமென்று சொன்னால் செய்து தருவர். துணி தேய்ப்பவரிடம் மரக்கரி கிடைக்கும். எரியாத கரித்துண்டாக இருத்தல் வேண்டும், சாம்பல் ஆகாது. உடைந்த செங்கல்லும் ஓடும் கட்டட வேலை நடக்கும் இடங்களில் உண்டு. தேங்காய் மட்டையை ஒரு வாரம் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, அதன் உப்பும் கறையும் நீங்கியபின் சிறு துண்டுகளாக்கிக் கொள்ளுங்கள். அடியில் ஓட்டுச்சில், மேலே கரியும் செங்கல்லும் இருபங்கு, மட்டை ஒருபங்கு. மண் ஒரு பிடியும் வேண்டா.

அழுகிய வேரை மட்டும் தீயில் காட்டிய கத்தரியால் நறுக்கி, வெட்டிய இடத்தில் மஞ்சள்பொடி தடவுக. செடி அசையாதபடி ஒரு குச்சியோடு கட்டுக. அசையும் செடி வேர் பிடிக்காது. தொட்டி மாற்றியபின் ஒரு வாரம் நிழலில் வைத்து, நீரைச் சிறிதாகத் தெளித்து வந்தால் போதும்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இலையுதிர்ந்து வெறும் கோலாய் நிற்கும் தண்டைச் செத்ததென்று வெட்டிவிடாதீர்கள். அது டெண்ட்ரோபியத்தின் நெற்குதிர். நீரும் உணவும் அதனுள் சேமிக்கப்பட்டுள்ளன. எங்கள் கட்டடத்தில் ஓர் அம்மையார் வீட்டில் இலையொன்றும் இல்லாத மூன்று கோல்கள் மட்டும் நின்றன. வேலைக்காரப் பெண் அதனை எறியப் போனபோது, மூத்த மாமியார், "பச்சையாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று தடுத்தார். அவ்வாண்டு ஆவணியில் அக்கோலின் நுனியிலிருந்தே பூங்கொத்து வந்தது. சுருங்கிப் பழுத்துக் காய்ந்த தண்டை மட்டுமே வெட்டவேண்டும். தண்டின் மேற்கணுவில் சேய்ச்செடி முளைத்தால், அதன் வேர் இரண்டங்குலம் வளர்ந்தபின் பிரித்து அண்டை வீட்டார்க்கு அளிக்கலாம்.

உணவும் பூச்சியும்

ஆர்க்கிட் சிறுதீனிக்காரன். மூன்று சத்தும் சமமாகக் கலந்த 20:20:20 உரத்தை ஒரு லிட்டர் நீருக்கு அரை கிராம் அளவில் கரைத்து, வாரம் ஒருமுறை தந்தால் போதும். வேரை முதலில் வெறும் நீரால் நனைத்த பிறகே உரநீர் வார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை நல்ல நீரால் தொட்டியை அலசி, தங்கிய உப்பைக் கழுவிவிடுக. புதுத்தொட்டிக்கு மாற்றிய செடிக்குப் புதுவேர் ஓடத் தொடங்கியபின் உரம் தரலாம்.

வறண்ட வெயிலில் இலையின் அடியில் செஞ்சிலந்தியும், கணுக்களில் மாவுப்பூச்சியும் தோன்றும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முதல் மருந்து. பின்னர் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்தபின், காற்று வீசும் மாலையில் தெளிக்கலாம். எண்ணெய் படிந்த இலைமேல் வெயில் பட்டால் கருகும்.

ஊருக்குப் போகும் மாதம்

இனி நம் காலனிக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். பள்ளி விடுமுறை விட்டதும் நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் சேலத்துக்கும் குடும்பத்தோடு புறப்படுகிறோம். கோடைக்கால வண்டிகளில் நம்மவர் கூட்டம் எத்தகையது என்பதை இரயில்வே ஊழியனாகிய நான் நன்கறிவேன். பயணச்சீட்டுக்கு இரு மாதம் முன்னரே முயல்கிறோம். பாட்டிக்கு அல்வாவும் மாமாவுக்குச் சட்டையும் வாங்குகிறோம். எரிவாயுவை மூடி, கதவைப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்துகிறோம். பால்கனியில் நிற்கும் உயிரை மட்டும் மறந்துவிடுகிறோம். மூன்று வாரம் மே மாத வெயிலில் நீரின்றி நின்றால் அது என்ன செய்யும்?

தடித்த தண்டுடைய டெண்ட்ரோபியம் நிழலில் ஒரு வாரம் தாங்கும். வேர் தொங்கும் வாண்டா இரண்டு நாளும் தாங்காது. வாளியில் நீர் நிரப்பி அதனுள் தொட்டியை வைத்துச் செல்வது ஆகாது, வேர் அழுகிவிடும். உரியவழி ஒன்றே: அண்டை வீட்டாரிடம் ஒப்படைப்பது. சீட்டு எடுக்கும் நாளிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே தொட்டிகளை அவர் வீட்டு நிழலில் வைத்து, அவர் கையாலேயே நீர் வார்க்கச் செய்து பாருங்கள். எந்தச் செடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை ஒரு சீட்டில் எழுதித் தொட்டியில் கட்டிவிடுங்கள்.

"அவர்களுக்கு ஏன் தொல்லை?" என்று தயங்குவோர் உண்டு. எங்கள் தளத்தில் கொங்கண் நாட்டைச் சேர்ந்த குடும்பம் ஒன்று வாழ்கிறது. நாங்கள் மே மாதத்தில் ஊர் செல்லும்போது அவர்கள் எங்கள் ஆர்க்கிட்களைப் பார்த்துக்கொள்கின்றனர். கணபதி விழாவுக்கு அவர்கள் இரத்தினகிரி செல்லும்போது, அவர்கள் துளசிக்கும் கிளிக்கும் நாங்கள் பொறுப்பு. திரும்பும்போது எங்களிடமிருந்து முறுக்கு செல்கிறது. அவர்களிடமிருந்து கோகம் வருகிறது. ஒரு செடியின் பெயரால் இரு குடும்பங்கள் உறவாயின. பூ மலர்வதைவிட இதனைப் பெரும்பயன் என்றே கருதுகிறேன்.

மழைக்கு முன்

ஜூன் முதல் வாரத்துக்குள் தொட்டிகளைக் கூரையின் கீழ் கொணர்க. முதல் தூறல் நன்று. விடாது கொட்டும் மழையோ வேருக்கு நஞ்சு. தொட்டியின் அடித்துளை அடைபட்டுள்ளதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். மழை தொடங்கியபின் வேர் வெளுத்தாலன்றி நீர் வார்க்க வேண்டா. நத்தைகளை இரவில் விளக்கோடு தேடிப் பொறுக்குக. நிழல்வலையைக் கழற்றிவிடுக; மேகமே அப்போது நிழல்.

மற்றொன்றும் சொல்வேன். மாத்தேரானுக்கோ லோனாவலாவுக்கோ மழைக்காலச் சுற்றுலா செல்லும்போது, மரத்தில் பூத்திருக்கும் காட்டு ஆர்க்கிட்டைப் பிய்த்துக் கொணராதீர்கள். அங்கு அது ஓர் இலட்சம் விதைகளில் ஒன்றாய், பூஞ்சையின் துணை வாய்த்து, பல்லாண்டு வளர்ந்தது. நம் வீட்டில் ஒரு பருவமும் வாழாது. காட்டு இனங்களைக் காண விரும்புவோர், சேலம் வழியே ஊர் செல்லும்போது ஏற்காட்டில் மத்திய அரசின் தாவரவியல் ஆய்வுத் துறை நடத்தும் ஆர்க்கிட் தோட்டத்தைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

முடிவுரை

தமிழுக்கும் ஆட்சிமொழி உரிமை வழங்கிய சிங்கப்பூர், 1981இல் ஓர் ஆர்க்கிட்டையே தன் தேசிய மலராக ஏற்றது. அம்மலரை அளித்தவர் ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் ஆர்மீனியக் குலப் பெண்மணி. அது 1893இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இரு வேறு இனங்களின் கலப்பில் பிறந்து, குடியேறிய குடும்பமொன்றின் தோட்டத்தில் மலர்ந்த பூவைக் குடியேறியோர் நகரம் தன் அடையாளமாகக் கொண்டது பொருத்தமன்றோ!

1960களில் இம்மாநகரில், தென்னாட்டார் மண்ணின் மைந்தரது பிழைப்பை உறிஞ்சுவோர் என்ற கூக்குரல் எழுந்ததை நம் மூத்தோர் மறந்திலர். அவர்கள் மறுமொழியைப் பெரிதும் உழைப்பால் கூறினர். தாராவியின் தோற்பதனிடும் கூடங்களிலும், மாதுங்காவின் உணவகங்களிலும் பள்ளிகளிலும், செம்பூரின் அலுவலகக் குடும்பங்களிலும் அம்மறுமொழி எழுதப்பட்டுள்ளது. நாம் புல்லுருவிகள் அல்லேம். பற்றிக்கொள்ளக் கிளை தந்த மரத்துக்குச் சுமையாகாது, நம் வேரால் நாமே நீர் தேடி, பூக்கும் காலத்தில் அம்மரத்துக்கே அழகு சேர்ப்பவர்கள். அக்கிளையை மறவாதிருப்பதும், அதன் மொழியைப் பிழையின்றிப் பேசக் கற்பதும் நம் கடன்.

இவ்வாண்டு ஊருக்குப் புறப்படுமுன், உங்கள் பால்கனிச் செடியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!